காசு கொடுத்தவருக்கும் பூட்டா?

வீடியோ விளையாட்டுகளுக்கு இடப்படும் டிஜிற்றல் பூட்டு, அவற்றை வாங்கும் எமது குடும்பங்களுக்கு என்றேனும் பயன் தருமா?

பலெர்மோ நகரின் நடுவே, பொலிதேயாமா அரங்கின் முன்னாலுள்ள சதுக்கத்தில், வியாழக்கிழமைப் பிற்பகல்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எமது மக்கள் சிலரை எப்போதும் காணலாம். வீட்டுப் பணிக்குச் செல்வோருக்கு இத்தாலியில் வழமையாகக் கிடைக்கும் ஓய்வு நேரம் அதுவே. 1874 இல் திறக்கப்பட்ட அவ்வரங்கின் உச்சியில் நான்கு குதிரைகள் பூட்டிய வெண்கலத் தேரொன்று நிற்கிறது. அதன் கீழே நின்று நாம் பேசுவன பெரும்பாலும் வதிவிட அனுமதி, ஊரிலிருந்து வந்த செய்தி, பிள்ளைகளின் படிப்பு என்பனவே. 2003 ஆம் ஆண்டு டிசெம்பரில் அங்கு நின்று நான் ஆலோசனை கேட்டதோ ஒரு விளையாட்டுத் தட்டைப் பற்றி.

நத்தாருக்கு முந்திய கிழமை ரொறன்ரோவிலுள்ள அண்ணரிடமிருந்து ஒரு பொதி வந்திருந்தது. அண்ணியார் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், கம்பளிக் கையுறைகள், அவற்றின் அடியில் என் மகனுக்கென ஓர் உதைபந்தாட்ட விளையாட்டுத் தட்டு. கடைப் பற்றுச்சீட்டும் உள்ளேயே இருந்தது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. தட்டைப் பெட்டியில் இட்டான். இப்பெட்டிக்குரிய தட்டை இடும்படி திரையில் இத்தாலிய மொழியில் ஓர் அறிவித்தல் வந்தது. துடைத்து இட்டான், மீண்டும் அதே அறிவித்தல். மறுநாள் நான் அதைக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றேன். தட்டிலும் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை என்றார் கடைக்காரர். தட்டு வட அமெரிக்க வலயத்துக்குரியது, பெட்டி ஐரோப்பிய வலயத்துக்குரியது, அவ்வளவே. நாற்பது யூரோ தந்தால் உள்ளே ஒரு சிறிய சிப்பைப் பொருத்தித் தருவதாகவும், அதன் பின் எந்த நாட்டுத் தட்டும் ஓடும் எனவும் கூறினார்.

சதுக்கத்தில் இதைச் சொன்னபோது, ஊரில் கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்த முதியவர் ஒருவர் தலையை ஆட்டி மறுத்தார். "தம்பி, பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்திருக்கிற நேரத்தில உந்த வில்லங்கம் உனக்கேன்?" என்றார். நான் சிப் பொருத்தவில்லை. தட்டு அலுமாரிக்குள் போயிற்று.

அவருடைய அச்சம் வெறும் அச்சமன்று. 2002 ஆம் ஆண்டு இத்தாலியில் நிறைவேறிய 189 ஆம் இலக்கச் சட்டம், குடிவரவுச் சட்டத்தின் 26 ஆம் பிரிவில் ஒரு புதிய வாசகத்தைச் சேர்த்தது. 1941 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள குற்றங்களுக்காக வெளிநாட்டவர் ஒருவர் இறுதியாகத் தண்டிக்கப்பட்டால், அவருடைய வதிவிட அனுமதி இரத்தாகும். அவர் எல்லை வரை கொண்டு செல்லப்பட்டு வெளியேற்றப்படுவார் என்பதே அவ்வாசகம். இத்தாலியர் ஒருவர் திருட்டுத் தட்டு விற்றால் அபராதமும் சிறையும். அதே குற்றத்துக்கு எம்மைப் போன்றவருக்கு நாடும் போய்விடும். வீட்டிலுள்ள ஒரு பெட்டிக்குச் சிப் பொருத்திய தகப்பனைத் தேடி அச்சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அது குறிவைத்தது நடைபாதையில் துணி விரித்துத் தட்டு விற்றோரை. தனக்கென ஒரு திருட்டுத் தட்டை வாங்குபவருக்கு இத்தாலியச் சட்டம் விதிப்பது 154 யூரோ நிர்வாக அபராதமும் தட்டைப் பறிமுதல் செய்தலுமே. ஆயினும் குவெஸ்தூராவின் வரிசையில் விடியற்காலை நின்ற எவருக்கும் சட்டத்தின் பிரிவுகளை வேறு வேறாக வைத்து அஞ்சத் தெரியாது.

(2023 ஆம் ஆண்டு இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம், போலி வணிகச் சின்னப் பொருட்களை விற்றதற்கான தண்டனையை மட்டும் காட்டி வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தன்னியல்பாக மறுப்பது தவறு என்றும், அந்த மனிதர் உண்மையில் ஆபத்தானவரா என ஆராய வேண்டும் என்றும் 88 ஆம் இலக்கத் தீர்ப்பில் கூறியது. இத்தகைய வழக்கில் சிக்கியோர் தமது வழக்கறிஞரிடம் அத்தீர்ப்பைப் பற்றிக் கேட்டறிவது நல்லது.)

பொல்சானோ நீதிபதிகளின் உவமை

நான் தட்டை அலுமாரிக்குள் வைத்த அதே கிழமைகளில், இத்தாலியின் வட எல்லையிலுள்ள பொல்சானோ நகரில் இந்தக் கேள்வியே நீதிமன்றத்தின் முன் இருந்தது என்பதை நான் பிற்பாடே அறிந்தேன். சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேசன் பெட்டிகளுக்கு இத்தகைய சிப்புகளைப் பொருத்தி விற்றார்கள் என்று அதிகாரிகள் அப்பெட்டிகளைக் கைப்பற்றியிருந்தனர். 2003 டிசெம்பர் 31 ஆம் நாள் பொல்சானோ நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டது. அந்தச் சிப்பின் முதன்மையான பயன் திருட்டுத் தட்டை ஓட்டுவதன்று, பிற நாட்டில் முறைப்படி வாங்கிய தட்டை ஓட்டுவதும், காசு கொடுத்து வாங்கிய தட்டின் காப்புப் பிரதியை ஓட்டுவதும், பெட்டியை வேறு தேவைகளுக்குப் பயன்படுத்துவதுமே என்று நீதிபதிகள் கருதினர்.

அத்தீர்ப்பில் ஓர் உவமை உண்டு. பியற் நிறுவனம் தனது காரை விற்றுவிட்டு, ஐரோப்பியர் அல்லாதோர் இதை ஓட்டக்கூடாது, நகருக்கு வெளியே ஓட்டக்கூடாது என்று தடை விதிப்பது போன்றது இது என்ற பொருள்பட அவர்கள் எழுதினர். ஐரோப்பியர் அல்லாதோர் என்ற சொல் இத்தாலியில் எவரைக் குறிக்கும் என்பது எமக்குத் தெரியும். விளையாட்டுப் பெட்டி பற்றிய தீர்ப்பொன்றில் நீதிபதி ஒருவருக்கு எமது நினைவு வந்தது எனக்கு இன்றும் வியப்பே.

இப்பூட்டின் பொறிமுறையைச் சற்று விளங்கிக்கொண்டால் வழக்கின் உட்பொருள் புரியும். 1994 இல் யப்பானிலும் 1995 இல் ஐரோப்பாவிலும் வந்த முதலாவது பிளேஸ்ரேசனில், தட்டின் உள்விளிம்புக்கு அருகே உள்ள தடம் நேராக ஓடாது. மிக நுண்ணியதாக நெளிந்து ஓடும். அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் மறைந்திருக்கும். வீட்டுக் கணனியிலுள்ள தட்டெழுதி அந்நெளிவை உண்டாக்க மாட்டாது. ஆகவே நகலெடுத்த தட்டைப் பெட்டி தள்ளிவிடும். இதுவரை நியாயம். ஆனால் அந்த நான்கு எழுத்துகளுள் கடைசி எழுத்து, தட்டு ஐரோப்பாவுக்கா, அமெரிக்காவுக்கா, யப்பானுக்கா உரியது என்பதையும் குறித்தது. திருட்டுத் தட்டைப் பிடிக்கும் அதே காவலாளி அயல்நாட்டுத் தட்டையும் பிடித்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றே. ரொறன்ரோவில் வரியும் சேர்த்துக் கொடுத்து வாங்கிய அண்ணரும், ஒரு நகரச் சந்தியில் துணி விரித்து நகல் விற்றவரும், பெட்டியின் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிந்தனர்.

ஒரே நாட்டில் பிறந்து அங்கேயே வாங்கி அங்கேயே விளையாடுபவருக்கு இந்தக் குறை ஒருபோதும் தென்படாது. அண்ணன் கனடாவில், தங்கை இலண்டனில், பெற்றோர் திருச்சியில் என்று சிதறிய குடும்பங்களுக்கே அது முதலில் தென்பட்டது. எமது தமிழ்ப் படத் தட்டுகளை எடுத்துப் பாருங்கள். டிவிடி தட்டுகளுக்கும் உலகத்தை வலயங்களாகப் பிரித்திருந்தனர்; ஐரோப்பா 2 ஆம் வலயம், இந்தியா 5 ஆம் வலயம். ஆயினும் புலம்பெயர்ந்தோருக்கென வெளிவந்த தமிழ்ப் படத் தட்டுகளின் உறையில் பெரும்பாலும் எல்லா வலயங்களுக்கும் என்றே அச்சிட்டிருக்கும். தன் வாடிக்கையாளர் எங்கெங்கு சிதறிக் கிடக்கிறார் என்பதை அந்த வணிகர் அறிந்திருந்தார்.

சட்டம் மாறி மாறிச் சொன்னது

பொல்சானோ தீர்ப்பு நிலைக்கவில்லை. 2007 ஆம் ஆண்டு, இத்தாலியின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாகிய கசாசியோன், இத்தகைய சிப்புகளை விற்பது குற்றமே என்றது. இதற்கு மாறாக அவுஸ்ரேலியாவின் உச்ச நீதிமன்றம், சோனி நிறுவனம் சிட்னியில் சிப் விற்ற ஒருவர் மீது தொடுத்த வழக்கில், 2005 ஒக்ரோபரில் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துச் சிப் விற்றவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரே பொருள், ஒரே நிறுவனம். மெல்பேணிலுள்ள சகோதரனுக்குக் குற்றமன்று, பலெர்மோவிலுள்ள சகோதரனுக்குக் குற்றம். அவுஸ்ரேலியாவிலும் பின்னர் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தாலியிலிருந்து சென்ற இன்னொரு வழக்கே ஐரோப்பா முழுமைக்குமான அளவுகோலைத் தந்தது. நின்ரெண்டோ நிறுவனம் பிசி பொக்ஸ் என்னும் இத்தாலிய விற்பனையாளர் மீது மிலான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பூட்டைக் கடக்கும் கருவிகளைத் தாம் விற்பது, பாட்டுக் கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் சுயாதீனமானோர் எழுதிய மென்பொருட்களை ஓட்டுவதற்குமே என்று விற்பனையாளர் வாதாடினார். மிலான் நீதிமன்றம் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 2014 சனவரி 23 ஆம் நாள் வந்த விடையின் சாரம் இது: பூட்டுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அப்பூட்டு தட்டிலும் பெட்டியிலும் பங்கிடப்பட்டிருந்தாலும் உண்டு, ஆனால் அப்பாதுகாப்பு அளவோடிருக்க வேண்டும். திருட்டைத் தடுக்க, முறையான பயன்பாட்டுக்குக் குறைந்த இடையூறு தரும் வேறு வழி இருந்ததா என நீதிமன்றம் பார்க்க வேண்டும். பூட்டைக் கடக்கும் கருவியை மக்கள் உண்மையில் எதற்காக, எவ்வளவு தடவை பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அளவுகோலைக் கையில் கொடுத்த பின், 2015 இல் மிலான் நீதிமன்றம் நின்ரெண்டோவுக்கே வெற்றியை அளித்தது. என்றாலும் அளவு என்ற சொல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பூட்டு இருக்கலாம், ஆனால் கதவை விடப் பெரிய பூட்டு ஆகாது.

பூட்டுக்காகப் பேசுவோர் கூறுவது

அவர்களுடைய வாதத்தை நாம் தட்டிக் கழித்துவிடக் கூடாது. ஒரு பெரிய விளையாட்டை நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்காக இருந்து ஆக்குகின்றனர். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. வெளிவந்த முதற்கிழமையிலேயே எல்லோரும் இலவசமாக எடுத்தால் அடுத்த விளையாட்டு வராது. அந்த வகையில் பூட்டு வாங்குபவருக்கும் நன்மையே என்பர்.

இதில் எவ்வளவு உண்மை? ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் உருவான டெனுவோ என்னும் பூட்டு 2014 முதல் கணனி விளையாட்டுகளுக்கு இடப்பட்டு வருகிறது. அதைப் பற்றி 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, முதற்கிழமையிலேயே பூட்டு உடைபட்டால் வருமானம் சராசரியாக 20 விழுக்காடு குறைகிறது என்று கணித்தது. ஆகவே பூட்டினால் ஆக்கியோருக்குப் பயன் உண்டு. இல்லை என்பது பொய். ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறியது. பன்னிரண்டு கிழமைகளுக்குப் பின்னர் பூட்டு உடைபட்டால் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்குப் பின் அந்தப் பூட்டு எதைக் காக்கிறது? சில நிறுவனங்கள் சில மாதங்களின் பின் டெனுவோவைத் தாமே கழற்றிவிடுகின்றன. அவற்றைப் பாராட்ட வேண்டும். கழற்றாதவையே அதிகம் தொல்லை தருகின்றன.

விலை பற்றிய வாதம் ஒன்றும் உண்டு. அது எமக்கு நேரே தொடர்புடையது. பூட்டு இருப்பதனால்தான் இந்தியாவில் குறைந்த விலைக்கும் ஐரோப்பாவில் கூடிய விலைக்கும் ஒரே விளையாட்டை விற்க முடிகிறது. பூட்டு இல்லையேல் மலிவான பிரதிகள் எல்லாம் இங்கே வந்துவிடும், பின் இந்தியாவிலும் விலை உயர்ந்துவிடும் என்பர். திருச்சியிலுள்ள மருமகன் தன் வருமானத்துக்கேற்ற விலையில் வாங்குவது அந்தப் பூட்டின் தயவால் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாங்குபவருக்குப் பூட்டு நேரடியாகத் தரும் நன்மை என நான் கண்டது இது ஒன்றுதான். ஐரோப்பாவுக்குள் இதற்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போலந்து, ருமேனியா முதலிய நாடுகளில் விற்ற பிரதிகளைப் பிற ஐரோப்பிய நாடுகளில் ஓடாமல் பூட்டியதற்காக, ஸ்ரீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து வெளியீட்டாளருக்கும் 2021 சனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு மொத்தம் 78 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. வால்வ் செய்த மேன்முறையீடு 2023 செப்ரெம்பரில் தள்ளுபடியாயிற்று.

தோம்பும் உறுதியும்

இனி, பூட்டுக்காகப் பேசுவோரின் மிக வலிமையான சான்றுக்கு வருவோம். அது ஸ்ரீம் என்னும் அந்தக் கடையே. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 என்னும் விளையாட்டைக் கடையில் பெட்டியாக வாங்கியவர்களும், இணையத்தில் ஸ்ரீம் கணக்கைத் திறந்து பதிவு செய்த பின்னரே விளையாட முடிந்தது. அன்று பலர் சினந்தனர். ஆனால் காலப்போக்கில் அந்தக் கணக்கு வேறொன்றாக வளர்ந்தது. கணனி பழுதானாலும் புதிய கணனியில் பெயரைக் கொடுத்தால் வாங்கிய அத்தனையும் மீண்டும் இறங்கும். விளையாடி முடித்த கட்டங்களும் கூட வரும்.

வீட்டையும் பெட்டகத்தையும் விட்டுவிட்டு வந்த எமக்கு இதன் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1995 ஐப்பசி முடிவில் ஓர் இரவுக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் காணி உறுதியைக் கையில் எடுத்தார்கள். எடுக்க முடியாதவர்கள் பிற்காலத்தில் காணிப் பதிவகத்திலிருந்து பிரதி எடுத்தார்கள். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதலாக எமது மண்ணில் பதிவேட்டின் பயன் அதுவே. கையிலிருக்கும் தாள் எரிந்தாலும் உரிமை எரியாது. முகாம் விட்டு முகாம், நகரம் விட்டு நகரம் மாறும் ஓர் அகதிப் பிள்ளைக்கு, தட்டு நிறைந்த பெட்டியை விட ஸ்ரீம் கணக்கு மேலானது என்று ஒருவர் சொன்னால், அவரோடு நான் வாதிட மாட்டேன்.

ஆனால் அந்த நன்மையைத் தருவது பதிவேடா, பூட்டா? இரண்டும் ஒன்றாக வருவதால் நாம் ஒன்றை மற்றதாக எண்ணுகிறோம். போலந்து நாட்டவர் சிலர் இதைப் பிரித்துக் காட்டினர். 1994 இல் வார்சோவில் தொடங்கிய சிடி புறொஜெக்ற் என்னும் நிறுவனம், திருட்டுத் தட்டுகள் சந்தையெங்கும் குவிந்திருந்த நாட்டில் விற்பனைக்கு இறங்கியது. 1999 இல் பால்டர்ஸ் கேற் என்ற விளையாட்டை அவர்கள் போலந்து மொழியில், தமது நாட்டு நடிகர்களின் குரலில், வரைபடத்தோடும் இசைத் தட்டோடும் பெரிய பெட்டியாக வெளியிட்டனர். திருட்டுத் தட்டுக்காரரிடம் கிடைக்காததைக் கொடுத்து விற்றனர். அதே நிறுவனத்தார் 2008 இல் கொக் என்ற இணையக் கடையைத் திறந்தனர். அங்கும் கணக்கு உண்டு, பதிவேடு உண்டு, தொலைந்தால் மீண்டும் இறக்கலாம். பூட்டு மட்டும் இல்லை. இறக்கியதைத் தனியே சேமித்து வைத்தால் கடை மூடினாலும் ஓடும். விளையாட்டைத் திருப்பிக் கொடுக்கும் வசதிக்குப் பூட்டு வேண்டும் என்ற வாதத்துக்கும் அங்கே விடை உண்டு. ஸ்ரீம் 2015 முதல், இரண்டு மணிக்கு மேல் விளையாடாதிருந்தால் பதினான்கு நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தருகிறது. பூட்டில்லாத கொக் கடை 2020 இல் அதை முப்பது நாட்களாக்கியது, விளையாடியிருந்தாலும்.

வெளிநாட்டில் வாழ்ந்த எமக்கும் இப்பாடம் புதிதன்று. 1990 களில் கசற்றுக் கடைகளில் நாம் வாடகைக்கு எடுத்தது நகலின் நகலின் நகல். பாட்டுக் காட்சி வரும்போது திரையில் மழை பெய்யும். நல்ல பிரதியை நியாய விலைக்கு எவரும் விற்கவில்லை என்பதால் அதை எடுத்தோம். தெளிவான படத்தோடு உரிமை பெற்ற தட்டு கடைக்கு வந்ததும் பலர் அதை வாங்கினர்.

தோம்பு உவமை இன்னோரிடத்திலும் முறிகிறது. காணி உறுதியைப் பிள்ளைக்கு எழுதலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், கஷ்டம் வந்தால் விற்கலாம். ஸ்ரீம் கணக்கைப் பிறருக்கு மாற்றவோ விற்கவோ அதன் ஒப்பந்தம் இடந்தராது. பிரான்சின் நுகர்வோர் சங்கமொன்று இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், வாங்கியதை மீள விற்கலாம் என 2019 இல் பாரிஸ் நீதிமன்றம் கூறியது. 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. பிளேஸ்ரேசன் கணக்கிலோ, திறக்கும்போது தெரிவு செய்த நாட்டைப் பின்னர் மாற்ற முடியாது என்பது நீண்டகால விதி. பலெர்மோவில் வளர்ந்து, இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்து, பெற்றோருடன் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த பிள்ளையின் கணக்கு இன்னமும் இத்தாலியில் வசிக்கிறது. அங்குள்ள வங்கி அட்டையை அது ஏற்காது. மனிதனுக்குக் குடியுரிமை கிடைத்த பின்னும் அவன் கணக்குக்குக் கிடைக்கவில்லை.

சாவியோடு போனவர்கள்

மிகப் பெரிய கேடு, பூட்டியவர் சாவியோடு போய்விடுவது. 2010 இல் யுபிசொஃப்ற் நிறுவனம் அசாசின்ஸ் கிறீட் 2 விளையாட்டைக் கணனியில் விளையாட இணைய இணைப்பு எந்நேரமும் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மார்ச்சில் அவர்களது சேர்வர்கள் தாக்குதலுக்குள்ளாகி முடங்கியபோது காசு கொடுத்தவர்களே வெளியில் நின்றனர். 2015 இல் விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க் என்னும் பழைய பூட்டு, கணனியின் பாதுகாப்புக்கு ஆபத்தென நீக்கப்பட்டது. பூட்டைத் திறக்க வழியில்லாமற் போகவே, அப்பூட்டுடன் முறையாக வாங்கிய பழைய தட்டுகள் உறங்கிப் போயின. திருடியவரிடமிருந்த பூட்டுடைத்த பிரதி தொடர்ந்து ஓடியது. இதைவிட வெட்கக்கேடான நிலை வணிகத்தில் வேறில்லை.

2014 இல் வெளிவந்த த குறூ என்ற காரோட்ட விளையாட்டின் சேர்வர்களை 2024 மார்ச் 31 ஆம் நாள் யுபிசொஃப்ற் நிறுத்தியது. தனியாக விளையாடுவோருக்கும் சேர்வர் வேண்டும் என்று ஆக்கப்பட்டிருந்தமையால், வாங்கிய எவருக்கும் அதன்பின் எதுவும் மிஞ்சவில்லை. இதிலிருந்து எழுந்ததே விளையாட்டுகளை அழிப்பதை நிறுத்துங்கள் என்னும் ஐரோப்பியக் குடிமக்கள் முனைப்பு. 2025 யூலை 31 ஆம் நாள் முடிவடைந்த ஓராண்டுக்குள் அது 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. இலவசமாகத் தாருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கடையை மூடும்போது, வாங்கியவர் தொடர்ந்து விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்றே கேட்கின்றனர். கலிபோர்ணியாவில் 2025 சனவரி முதல், இவ்வாறான பொருளை விற்பவர், இது உரிமமே அன்றி உடைமை அன்று எனத் தெளிவாகச் சொல்லாமல் வாங்குங்கள் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது.

ஆகவே பூட்டு வாங்குபவருக்கு நன்மை தருமா எனக் கேட்பவருக்கு என் விடை: பூட்டு தராது. அதனுடன் சேர்ந்து வரும் வாக்குறுதி தரலாம். மூன்று மாதத்திலோ மூன்று ஆண்டிலோ இதைத் திறந்துவிடுவேன், நான் கடையை மூடினால் சாவியை உன்னிடம் தருவேன் என்று எழுத்தில் கொடுப்பவரிடம் நான் பூட்டிய பொருளையும் வாங்குவேன். அவ்வாறு எழுதிக் கொடுத்த பெரிய நிறுவனம் எதையும் நான் இன்னும் காணவில்லை. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்குமுன், இணைய இணைப்பின்றி இது ஓடுமா, வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் ஓடுமா என்ற இரண்டையும் கடையில் கேளுங்கள். பலருக்கு விடை தெரியாது. தெரியாது என்பதும் ஒரு விடையே.

வலயப் பூட்டைப் பொறுத்தவரை அதை இட்டவர்களே மெல்லக் கழற்றிவிட்டனர். 2006 இல் வந்த பிளேஸ்ரேசன் 3 இல் விளையாட்டுத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் வலயம் இல்லை. 2011 இல் 3டிஎஸ் கருவிக்கு வலயப் பூட்டு இட்ட நின்ரெண்டோ, 2017 இல் சுவிச் கருவியில் அதை விட்டுவிட்டது. எந்த நிறுவனமும் அதனால் மூடப்படவில்லை.

சென்ற கோடையில் அண்ணர் ரொறன்ரோவிலிருந்து முதற்தடவையாக இங்கு வந்தார். பொலிதேயாமா சதுக்கத்தில், அதே தேரின் கீழே, என் பேரனிடம் ஒரு சிறிய பொதியைக் கொடுத்தார். கனடாவில் வாங்கிய சுவிச் விளையாட்டு. பேரன் அங்கேயே வாங்கில் அமர்ந்து அதைக் கருவியில் செருகினான். ஓடியது. அண்ணர் இருபது ஆண்டுக்கு முந்திய கதையை நினைவுபடுத்திச் சிரித்தார். பேரன் சற்று நேரத்தில் நிமிர்ந்து பார்த்து, புதிய பதிப்பு இறக்க வேண்டுமாம், இணையம் இருக்கிறதா என்று கேட்டான்.